முப்பத்து நான்கு முனைகளும் ஒரு தலைகீழ்ப் பட்டியலும்

ஒரு குழுவில் சிலர் மட்டும் ஒரு கருத்தைப் பிடித்துக்கொண்டிருக்க, மற்றவர்கள் தத்தம் நண்பர்களைப் பார்த்துத் தம் நிலையை மாற்றிக்கொண்டே போனால், அந்தக் குழு கடைசியில் எங்கே போய் நிற்கும் என்பதைக் கணினியில் ஓட்டிப் பார்க்க விரும்பினேன். ஆளுக்கு ஒரு முனை (ஒரு புள்ளி), நட்புக்கு ஒரு விளிம்பு (இரு புள்ளிகளை இணைக்கும் கோடு) என்று வைத்துவிட்டால் இது கோட்டுருவியல் கணக்காகிவிடும். நிரல் நாற்பது வரிகளைத் தாண்டவில்லை. ஆனால் அந்த நாற்பது வரிகளில் இருந்த ஒரு பிழை, சரியான விடைக்குப் பின்னால் பல நாள் ஒளிந்திருந்தது. அதைக் கண்டுபிடித்த வழியையும், அதற்குப் பிறகு என் கணக்கு எந்தப் பக்கம் திரும்பியது என்பதையும் எழுதி வைக்கிறேன்.

தரவுக்கு வெய்ன் சாக்கரி 1977-இல் வெளியிட்ட கராத்தே மன்ற வலையமைப்பை எடுத்துக்கொண்டேன். ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் கராத்தே மன்றத்தை அவர் 1970 முதல் 1972 வரை கவனித்து, 34 உறுப்பினர்களில் யார் யாருடன் மன்றத்துக்கு வெளியேயும் பழகினார்கள் என்பதைப் பதிவு செய்தார். பயிற்சிக் கட்டணம் குறித்துப் பயிற்சியாளருக்கும் மன்றத் தலைவருக்கும் தகராறு முற்றி, மன்றம் இரண்டாக உடைந்தது. பயிற்சியாளர் 1-ஆம் முனை, தலைவர் 34-ஆம் முனை. யார் எந்தப் பக்கம் போவார்கள் என்பதை, இரு முனைகளுக்கு நடுவே இணைப்பு மிகவும் மெலிந்த இடத்தைக் கண்டறியும் ஃபோர்டு–ஃபல்கர்சன் முறையில் கோட்டுருவை வெட்டியே சாக்கரி கணித்தார். 9-ஆம் உறுப்பினர் ஒருவரைத் தவிர மற்ற அனைவரும் கணிப்பின்படியே போனார்கள். அந்த ஒருவருக்குக் கறுப்புப் பட்டைத் தேர்வுக்கு மூன்றே வாரம் இருந்ததால், பயிற்சியாளரை விட்டுப் போக மனமில்லை. இந்தத் தரவின் மேல் எனக்கு ஈர்ப்பு வந்ததற்கு அந்த மூன்று வாரமும் ஒரு காரணம்.

ஆயத்தமாகக் கிடைக்கும் கோப்பைப் பயன்படுத்தாமல், கட்டுரையில் உள்ள அணியை, அதாவது யாருக்கும் யாருக்கும் நட்பு என்று காட்டும் 34×34 கட்ட அட்டவணையைப் பார்த்து, 1,156 கட்டங்களையும் நானே தட்டினேன். நட்பு இருவழிப்பட்டது என்பதால் அணி சமச்சீராக இருக்க வேண்டும் என்று ஒரு சோதனை வரியும் சேர்த்திருந்தேன். அது ஒரே ஓர் இணையைக் காட்டி நின்றது: 23-க்கும் 34-க்கும் இடையே ஒரு பக்கம் குறி இருந்தது, மறு பக்கம் இல்லை. என் விரல்தான் தவறியது என்று நினைத்து அந்த இரண்டு வரிசைகளையும் மூன்று முறை ஒப்பிட்டேன். முரண் அச்சிலேயே இருந்தது. இதனால்தான் இந்த வலையமைப்பு சில இடங்களில் 77 விளிம்புகளுடனும் சில இடங்களில் 78 விளிம்புகளுடனும் புழங்குகிறது. நான் 78-ஐ வைத்துக்கொண்டு, அந்த ஒரு விளிம்பு இல்லாத பிரதி ஒன்றையும் தனியாகச் சேமித்தேன். அப்போது அது தேவைப்படும் என்று தோன்றவில்லை, வெறும் எச்சரிக்கைதான்.

விதி எளியது. ஒவ்வொருவரும் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்ற நிலையில் இருப்பார்கள். தம் நண்பர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் சாய்வார்கள், சரிபாதியாக இருந்தால் இருந்த நிலையிலேயே இருப்பார்கள், தம் சொந்த வாக்கைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். எல்லோரும் ஒரே கணத்தில் சுற்றிலும் பார்த்து, ஒரே கணத்தில் மாற வேண்டும் என்பது என் எண்ணம். தொடக்கத்தில் அதிகத் தொடர்பு உள்ள ஐவருக்கு மட்டும் ‘ஆம்’ கொடுத்தேன்: 34-க்கு 17 நண்பர்கள், 1-க்கு 16, 33-க்கு 12, 3-க்கு 10, 2-க்கு 9. மற்ற 29 பேரும் ‘இல்லை’. ஓட்டினேன். மூன்றாவது சுற்றின் முடிவில் 34 பேரும் ‘இல்லை’. ஐந்து பேர் 29 பேரிடம் தோற்பதில் வியப்பு எதுவும் இல்லை என்பதால் விடையை ஏற்றுக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

பல நாள் கழித்து, திரையில் 34-ஆம் முனை மேலே வர வேண்டும் என்பதற்காக உறுப்பினர் பட்டியலைத் தலைகீழாக்கினேன். கணக்கில் எதையும் தொடவில்லை, தோற்றத்துக்காகச் செய்த மாற்றம் மட்டுமே. இம்முறை 11 பேர் ‘ஆம்’ என்று நின்றுவிட்டார்கள், எத்தனை சுற்று ஓட்டினாலும் அசையவில்லை. பெயர்ப் பட்டியலை எந்த முனையிலிருந்து படித்தாலும் மன்றம் அதே மன்றம்தான். எல்லோரும் ஒரே கணத்தில் மாறுகிறார்கள் என்றால் வரிசைக்கு அங்கே வேலையே கிடையாது. ஆகவே பிழை இருக்கிறது என்பது உறுதியாயிற்று. இரண்டு விடைகளில் எது தவறு என்பதுதான் தெரியவில்லை.

நிரலை முறைத்துப் பார்ப்பதை விட்டுவிட்டு, ஒரு பெரிய தாளில் கோட்டுருவை வரைந்து, வெள்ளைச் சட்டைப் பொத்தானை ‘ஆம்’ ஆகவும் கறுப்பை ‘இல்லை’ ஆகவும் வைத்துக் கையால் நகர்த்திப் பார்த்தேன். 14-ஆம் உறுப்பினரிடம் வந்தபோது விஷயம் வெளுத்தது. அவருக்கு 1, 2, 3, 4, 34 என்று ஐந்து நண்பர்கள். தொடக்க நிலையில் அவர்களில் நால்வர் ‘ஆம்’. எனவே முதல் படியிலேயே அவர் ‘ஆம்’ ஆக வேண்டும். ஆனால் என் நிரல் 1-லிருந்து வரிசையாக வந்தபோது, 14-ஐ எட்டுவதற்குள் 1, 2, 3 மூவரும் ‘இல்லை’ ஆகிவிட்டிருந்தார்கள். அவர் கண்ணுக்கு 34 மட்டுமே ‘ஆம்’. தலைகீழாக வந்தபோது 34 முதலிலேயே மாறிவிட, 1, 2, 3 இன்னும் ‘ஆம்’ ஆகவே இருந்தார்கள். ஒரே மனிதர், ஒரே சுற்று. ஐந்தில் நான்கு, ஐந்தில் ஒன்று, ஐந்தில் மூன்று என்று மூன்று வேறு உலகங்களைப் பார்க்கிறார்.

புதிய நிலையைப் பழைய நிலை இருந்த அதே பட்டியலிலேயே எழுதியிருந்தேன். நிரல் எழுதப் பழகும்போது எல்லோரும் ஒருமுறையாவது விழும் குழிதான் இது. பழையதைப் படிக்க ஒரு பட்டியல், புதியதை எழுத ஒரு பட்டியல் என்று பிரித்து, சுற்று முடிந்ததும் இரண்டையும் மாற்றிக்கொள்ளும்படி திருத்தினேன். பட்டியலை நேராகவும் தலைகீழாகவும் ஓட்டியபோது இப்போது விடை ஒன்றாக வந்தது. ‘ஆம்’ சொன்னவர்களின் எண்ணிக்கை 5, 15, 3, 7, 0 என்று போனது. அதாவது என் முதல் விடையான ‘எல்லோரும் இல்லை’ தற்செயலாகச் சரியாக இருந்திருக்கிறது. போன வழி முற்றிலும் தவறு, சேர்ந்த ஊர் மட்டும் சரி. இறுதி விடையை மட்டும் ஒப்பிட்டுத் திருப்தி அடைந்திருந்தால் இந்தப் பிழை என்றும் அகப்பட்டிருக்காது.

அந்த 5, 15, 3, 7, 0 என்ற துள்ளலை மீண்டும் பொத்தான்களால் நகர்த்திப் பார்த்தேன். முதல் படியில், ‘இல்லை’ என்று இருந்த 29 பேரில் 15 பேர் தம்மைச் சுற்றிப் பெரும்பான்மை ‘ஆம்’ என்று காண்கிறார்கள், மன்றத்தில் உண்மையில் ‘ஆம்’ சொன்னவர்கள் ஐவர்தான் என்றாலும். கிறிஸ்டினா லெர்மனும் அவருடைய குழுவினரும் 2016-இல் இதைப் பெரும்பான்மை மாயை என்று விவரித்தார்கள். இதன் வேர், ஸ்காட் ஃபெல்ட் 1991-இல் எடுத்துக்காட்டிய நட்பு முரணில் இருக்கிறது: பலரோடு பழகுபவர் பலருடைய நண்பர் பட்டியலில் இடம்பெறுவதால், நம் நண்பர்களுக்குச் சராசரியாக நம்மைவிட நண்பர்கள் அதிகம். இந்த மன்றத்தில் ஓர் உறுப்பினருக்குச் சராசரி 4.59 நண்பர்கள். ஆனால் ஒவ்வொரு நட்பின் மறுமுனையிலும் இருப்பவரை எண்ணினால் அந்தச் சராசரி 7.77 ஆக ஏறுகிறது. ஆக, ஓரத்தில் இருக்கும் 15 பேர் மையத்தைப் பார்த்து ‘ஆம்’ ஆகிறார்கள். அதே கணத்தில் மையத்தில் இருக்கும் ஐவரும் ஓரத்தைப் பார்த்து ‘இல்லை’ ஆகிவிடுகிறார்கள். அடுத்த படியில் இது திரும்ப நடக்கிறது. ஒருவரையொருவர் பின்பற்றுவதாக நினைத்து இடம் மாறிக்கொள்கிறார்கள்.

இங்கே நான்கு படிகளில் அது அடங்கிவிட்டது. ஆனால் ஒரு நடுமுனையும் அதனுடன் மட்டும் இணைந்த ஐந்து ஓரமுனைகளும் கொண்ட நட்சத்திர வடிவில், நடுவில் ‘ஆம்’, ஓரத்தில் ‘இல்லை’ என்று தொடங்கினால், அது காலமெல்லாம் மாறி மாறி மின்னிக்கொண்டிருக்கும். என் நிரல் ‘முந்தைய நிலையும் இப்போதைய நிலையும் ஒன்றானால் நில்’ என்று மட்டுமே கேட்டதால், அந்தச் சோதனையில் முடிவில்லாமல் ஓடியது. எந்த நீளச் சுழலில் சிக்கும் என்று தெரியாமல் நிறுத்த நிபந்தனை எழுதுவது எப்படி என்று குழம்பியபோது, கோலெஸ், ஒலிவோஸ் ஆகிய இருவர் 1980-இல் நிறுவிய தேற்றம் கைகொடுத்தது. உறவுகள் இருவழிப்பட்டவையாக இருந்து, எல்லோரும் ஒரே நேரத்தில் பெரும்பான்மைப் பக்கம் மாறும் வலையமைப்பு, இறுதியில் அசையாமல் நின்றுவிடும் அல்லது இரண்டு நிலைகளுக்கு இடையே மட்டும் ஊசலாடும். மூன்று, நான்கு என்ற நீளமுள்ள சுழல்களுக்கு இடமே இல்லை. ஆகவே இரண்டு படிகளுக்கு முந்தைய நிலையோடு ஒப்பிட்டால் போதும். ஒரு கோட்பாட்டு முடிவு இவ்வளவு நேரடியாக ஒரு வரி நிரலாக மாறியது எனக்கு அரிதான அனுபவம்.

பிழையான நிரலை நான் அழிக்கவில்லை. யோசித்துப் பார்த்தால், மனிதர்கள் ஒரே கணத்தில் மாறுவதும் இயல்பன்று. ஒருவர் மாறுவார், அதைப் பார்த்து இன்னொருவர் மாறுவார். எனவே ஒருவர்பின் ஒருவராக மாறும் முறை என்று பெயரிட்டு, அதை வேறொரு விதியாகவே வைத்துக்கொண்டேன். அந்த முறைக்கு ஓர் அழகான குணம் உண்டு. இரு முனையிலும் கருத்து வேறுபட்ட விளிம்புகளை எண்ணுங்கள். ஒருவர் மாறுவது, தம் நண்பர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களோடு முரண்பட்டிருக்கும்போது மட்டுமே, மாறிய பின் முரண் பாதிக்கும் கீழே போகிறது. எனவே ஒவ்வொரு மாற்றத்துக்கும் முரண்பட்ட விளிம்பு ஒன்றாவது குறைந்தே தீரும். தொடக்கத்தில் அப்படிப்பட்ட விளிம்புகள் 54 இருந்தன. ஆகவே 54 மாற்றங்களுக்குள் எல்லாம் அடங்கியாக வேண்டும், ஊசலாட்டத்துக்கு வழியே இல்லை. 1-லிருந்து 34 வரை கேட்டுக்கொண்டு போனபோது 15 மாற்றங்களில் முரண் சுழியத்துக்கு வந்தது. 34-லிருந்து கீழே வந்தபோது 10 மாற்றங்களில் 14 விளிம்புகளில் நின்றுவிட்டது.

அந்த 11 பேர் யார் என்று பார்த்தபோதுதான் தாளின் முன் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 1, 2, 3, 4, 8, 12, 13, 14, 18, 20, 22. உண்மையான பிளவில் பயிற்சியாளருடன் சென்றவர்கள் 17 பேர், இந்த 11 பேரும் அவர்களுக்குள் அடக்கம். விடுபட்ட அறுவரில் ஒருவர் நம் கறுப்புப் பட்டைக்காரரான 9. மற்ற ஐவர் 5, 6, 7, 11, 17. இதை ஒரு கணிப்பு என்று கொண்டாட நான் தயாரில்லை, ஏனென்றால் நேர் வரிசையில் இதே தொடக்கம் ஒருவரையும் மிச்சம் வைக்கவில்லை. தலைகீழ் வரிசையில் மட்டும் தலைவரும் அவரை ஒட்டிய 33-உம் முதலில் கேட்கப்பட்டு, முதலில் விழுந்து, பயிற்சியாளரைக் கேட்பதற்குள் அவரைச் சுற்றி 9 நண்பர்கள் ‘ஆம்’ ஆகியிருந்தார்கள். பதினாறில் ஒன்பது. 3-ஆம் உறுப்பினர் பத்தில் ஐந்து என்ற சமநிலையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு தப்பித்தார். யாரை முதலில் கேட்பது என்பது நடைமுறை விவரம் என்று கருதித்தான் நான் அதை எழுதிக்கூட வைக்காமல் இருந்தேன். இந்தக் கோட்டுருவில் வாக்கின் முடிவே அதுதான்.

திருத்திய நிரல் சரியா என்று பார்க்க இன்னொரு விதியும் பயன்பட்டது. மோரிஸ் டிகிரூட் 1974-இல் முன்வைத்த மாதிரியில் ‘ஆம்’, ‘இல்லை’ என்ற வெட்டு கிடையாது. ஒவ்வொருவரும் நண்பர்களுடைய கருத்துகளின் சராசரியைத் தம் கருத்தாக எடுத்துக்கொள்வார்கள். எல்லா நண்பர்களுக்கும் சம மதிப்புக் கொடுத்து ஒரே நேரத்தில் மாற்றினால், ஒவ்வொருவரின் கருத்தையும் அவருடைய நண்பர் எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்டிய தொகை ஒருபோதும் மாறாது. ‘ஆம்’ என்பதை 1 ஆகவும் ‘இல்லை’ என்பதை 0 ஆகவும் வைத்தால் நம் ஐவருக்கு அந்தத் தொகை 64, எல்லோருடைய நண்பர் எண்ணிக்கைகளின் மொத்தம் 156. எனவே மன்றம் முழுவதும் 64/156, அதாவது ஏறத்தாழ 0.41 என்ற ஒரே கருத்தில் போய்ச் சேர வேண்டும், ஐவர் ஆள் கணக்கில் 0.15 தான் என்றாலும். ஒவ்வொரு படியிலும் 64 வருகிறதா என்று ஒரு சோதனை வரி போட்டேன். பழைய நிரலில் அந்தத் தொகை முதல் சுற்றிலேயே நகர்ந்தது, புதியதில் அசையவில்லை. முதல் நாளே இந்த வரியை எழுதியிருந்தால் பொத்தான்களைத் தேடி அலைந்திருக்க வேண்டாம்.

அடுத்து, கேள்வியைத் திருப்பிப் போட்டேன். சிலரை என்றும் மாறாத ‘ஆம்’ ஆக நிறுத்தி வைக்கலாம் என்றால், யாரை நிறுத்தினால் அதிகம் பேர் பின்னால் வருவார்கள்? ஐந்து பேர் கொண்ட தொகுதிகள் 2,78,256. அவற்றை எல்லாம் ஓட்டிப் பார்க்கலாம். பத்துப் பேர் என்றால் 13,11,28,140. வலையமைப்பு கொஞ்சம் பெரிதானாலே இந்த வழி அடைபட்டுவிடும். கெம்ப், கிளைன்பெர்க், டார்டோஷ் மூவரும் 2003-இல் இத்தகைய கணக்குகள் என்பி-கடினமானவை, அதாவது வேகமாகத் தீர்க்கும் பொதுவழி எதுவும் அறியப்படாத வகையைச் சேர்ந்தவை என்று காட்டியதோடு, சில பரவல் மாதிரிகளில் ஒவ்வொரு கட்டத்திலும் அப்போதைக்கு அதிகம் தரும் ஆளைச் சேர்த்துக்கொண்டே போகும் பேராசை முறைக்கு, உகந்த விடையில் ஏறத்தாழ 63 விழுக்காடாவது கிடைக்கும் என்ற உறுதியையும் தந்தார்கள். அந்த உறுதியை நம்பி அதே முறையை என் பெரும்பான்மை விதியில் மாட்டினேன். அது முதல் அடியிலேயே தடுமாறியது.

காரணம் 15-ஆம் உறுப்பினரிடம் தெரியும். அவருக்கு நண்பர்கள் 33, 34 இருவர் மட்டுமே. ஒருவரை நிறுத்தினால் சரிபாதி, அவர் அசைய மாட்டார். இருவரையும் நிறுத்தினால் மாறிவிடுவார். 16, 19, 21, 23 ஆகியோரும் இப்படியே. முதல் ஆளால் பயன் சுழியம், இரண்டாம் ஆளால் பயன் திடீரென்று ஐந்து. சேர்க்கச் சேர்க்கப் பயன் குறையும் என்ற அடிப்படையின் மீது நிற்கும் 63 விழுக்காடு உறுதி, இங்கே செல்லாது. தனி ஒருவரை நிறுத்தினால் இன்னொருவரை இழுக்கக்கூடிய முனை இந்த மன்றத்திலேயே ஒன்றுதான்: 1. அவரை மட்டுமே நண்பராகக் கொண்ட 12 பின்னால் வருவார். 17 நண்பர்கள் உள்ள 34 தனியாக நின்றால் ஒருவரும் வரமாட்டார்.

இரண்டாவது ஆளாக, 9 நண்பர்கள் உள்ள 2 வருவார் என்று எதிர்பார்த்தேன். 1-உம் 2-உம் நின்றால் 12, 18, 20, 22 சேர்ந்து மொத்தம் ஆறு. நிரலோ நான்கே நண்பர்கள் உள்ள முனைகள் இரண்டை, 6-ஐயும் 7-ஐயும், சமமாக முன்னே நிறுத்தியது. இன்னும் ஒரு பிழை என்றுதான் முதலில் நினைத்தேன். பொத்தான்களை எடுத்து 1-லும் 7-லும் வெள்ளையை வைத்தேன். 5-க்கு 1, 7, 11 நண்பர்கள், மூன்றில் இரண்டு, மாறினார். அவரால் 11 மாறினார், 11-ஆல் 6, பிறகு 6-உம் 7-உம் சேர்ந்து 17-ஐ இழுத்தார்கள். 12-ஐயும் சேர்த்து ஏழு. தலைகீழ் ஓட்டத்தில் பயிற்சியாளர் பக்கம் வராமல் விடுபட்டுப் போன அதே மூலைதான் இது, அதே ஐவர். அவர்களுக்கு வெளியுலகோடு உள்ள ஒரே கதவு 1. வெளியிலிருந்து எவ்வளவு பெரிய ஆள் தட்டினாலும் அது திறப்பதில்லை, உள்ளே ஒருவர் இருந்தால் எல்லோரும் வந்துவிடுகிறார்கள்.

கடைசியாக, ஒதுக்கி வைத்திருந்த 77 விளிம்புப் பிரதியை எடுத்து எல்லாவற்றையும் மீண்டும் ஓட்டினேன். ஒரே நேர மாற்றத்தில் அதே 5, 15, 3, 7, 0. நேர் வரிசையில் எல்லோரும் ‘இல்லை’, தலைகீழில் அதே 11. அந்த விளிம்பால் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை என்று எழுதப் போன சமயத்தில் பேராசை முறையின் முதல் அடி மாறியிருந்தது. 34-உடன் நட்பு இல்லை என்றால் 23-க்கு மிஞ்சுவது 33 ஒருவர் மட்டுமே. எனவே தனியாக நின்று ஒருவரை இழுக்கும் முனைகள் இப்போது 1, 33 என்று இரண்டு. சமமாக வரும்போது பட்டியலில் முதலில் வருபவரை எடு என்று நான் எழுதியிருந்ததால் நிரல் அப்போதும் 1-ஐயே எடுத்தது. பட்டியலைத் தலைகீழாக்கினேன். 33-ஐ எடுத்தது.